காணியை விற்கும் முன்: மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து வெளிநாட்டில் விஞ்ஞான முதுமாணி படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கல்முனையிலோ மட்டக்களப்பு நகரத்திலோ ஒரு முகவர் நிலையத்தின் படியேறினால், எதிரே இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி “எந்த நாட்டுக்குப் போக விருப்பம்?” என்பதுதான். விஞ்ஞானத்தில் முதுமாணிப் பட்டம் படிக்க நினைப்பவர் கடைசியாகக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது. நாட்டிலிருந்து தொடங்கினால் அடுத்த பேச்சு பணத்தில் வந்து நிற்கும். பணப் பேச்சு வாப்பாவின் வயலிலோ அம்மாவின் நகையிலோ வந்து முடியும். உங்கள் பெறுபேற்றிலிருந்தும் நீங்கள் படிக்க விரும்பும் பொருளிலிருந்தும் தொடங்கினால் கதை வேறு. பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல், கணிதம், சூழலியல் போன்ற துறைகளில் பட்டப்பின் மாணவர்கள் பல்கலைக்கழகங்களுக்குத் தேவைப்படுகிறார்கள். ஆய்வுகூடத்தில் பரிசோதனை செய்வதும், முதலாம் வருட மாணவருக்குச் செய்முறை வகுப்பு எடுப்பதும் பல இடங்களில் அவர்கள்தான். ஆகவே இந்தத் துறைகளில் மாணவரைத் தேடி வரும் பணமும் உண்டு. அதை முழுமையாகத் தேடிப் பார்க்காமல் எந்தக் குடும்பமும் காணியை ஈடுவைக்கக் கூடாது. இந்த வழிகாட்டியை எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்திலும், சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடத்திலும் படிப்பவர்களை, படித்து முடித்தவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். வேறு பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு ஊர் திரும்பியவர்களுக்கும் இது பொருந்தும். முழு வேலைக்கும் ஒன்றரை வருடம் ஒதுக்குங்கள். இறுதி வருடத்தில் இருக்கும்போதே தொடங்கினால் விரிவுரையாளர்களும் ஆய்வுகூடமும் பரீட்சைக் கிளையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

1. பெறுபேற்றுப் பட்டியலை அவர்கள் கண்ணால் வாசியுங்கள்

நம் பல்கலைக்கழகங்களில் மூன்று வருடப் பொதுப் பட்டமும் நான்கு வருடச் சிறப்புப் பட்டமும் உண்டு. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி முதலாவதற்கு 90 திறமைப்புள்ளிகள் வேண்டும். அது ஐந்தாம் மட்டம். இரண்டாவதற்கு 120, அது ஆறாம் மட்டம். மூன்று வருடப் பட்டத்தை வைத்துக்கொண்டு வெளிநாட்டில் முதுமாணிக்கு விண்ணப்பிக்கவே முடியாது என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது முழு உண்மை அல்ல. நாம் பாடசாலையில் 13 வருடம் படிக்கிறோம். அதோடு மூன்றைக் கூட்டினால் 16 வருடக் கல்வி. இதை ஏற்கும் பல்கலைக்கழகமும் உண்டு, நான்கு வருடப் பட்டம்தான் வேண்டும் என்பதும் உண்டு. அனுமதி அலுவலகத்துக்கு நேரே மின்னஞ்சல் எழுதி எழுத்தில் பதில் வாங்குங்கள். முகவரின் வாய்ச்சொல்லைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஐரோப்பாவுக்கு விண்ணப்பிக்கிறவர்கள் திறமைப்புள்ளிக் கணக்கைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அங்கே ஒரு கல்வியாண்டு 60 ஈசிடிஎஸ் (ஐரோப்பியத் திறமைப்புள்ளி முறை) புள்ளிகள், நமக்கு 30. இரண்டும் ஒரே ஒரு வருட உழைப்பைத்தான் அளக்கின்றன. எனவே நம்முடைய மூன்று புள்ளிப் பாடம் ஒன்று அவர்கள் கணக்கில் ஏறத்தாழ ஆறு. ஜேர்மன் பல்கலைக்கழகம் ஒன்று “கணிதத்தில் 20 புள்ளிகள், சேதன இரசாயனத்தில் 10 புள்ளிகள் இருக்க வேண்டும்” என்று எழுதியிருந்தால், உங்கள் பாடங்களை அந்தத் தலைப்புகளின் கீழ் அடுக்கி ஓர் அட்டவணை தயாரியுங்கள். பாடக் குறியீடு, பெயர், நம் புள்ளி, மணித்தியாலம், அவர்கள் தலைப்பு என்று ஐந்து நிரல் போதும். அதோடு உங்கள் பீடக் கைநூலிலிருந்து ஒவ்வொரு பாடத்தின் உள்ளடக்கத்தையும் எடுத்து ஒரே பிடிஎஃப் கோப்பாக இணையுங்கள். “மேம்பட்ட இரசாயனம் இரண்டு” என்ற வெறும் பெயரைப் பார்த்து அதற்குள் நிறமாலையியல் இருக்கிறது என்று அங்கே ஒருவராலும் ஊகிக்க முடியாது. நல்ல பெறுபேறு இருந்தும் தள்ளிவிடப்பட்ட விண்ணப்பங்களை நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் குறை இந்த இடத்தில்தான் இருந்தது.

ஜிபிஏயையும் இப்போதே மாற்றிப் பாருங்கள். ஜேர்மனியில் 1.0 மிகச் சிறந்தது, 4.0 சித்தியின் எல்லை. அவர்கள் பயன்படுத்தும் சூத்திரம் எளிது: உச்சப் புள்ளியிலிருந்து உங்கள் புள்ளியைக் கழியுங்கள், உச்சப் புள்ளியிலிருந்து சித்திப் புள்ளியைக் கழியுங்கள், முதலாவதை இரண்டாவதால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். நம்முடைய உச்சம் 4.00, சித்தி 2.00 என்று கொண்டால், 3.40 ஜிபிஏ உள்ளவருக்கு 1.9 வரும். 3.00 உள்ளவருக்குச் சரியாக 2.5. பல பாடநெறிகள் 2.5 வரையில்தான் எடுக்கும். இரண்டாம் வகுப்பின் கீழ்ப்பிரிவு தொடங்கும் 3.00 எவ்வளவு முக்கியமான எல்லை என்பது இப்போது விளங்கும். இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்கள் 2.9 இல் நின்றால், மீள எழுத வாய்ப்புள்ள பாடம் இருக்கிறதா என்று உடனே பாருங்கள்.

2. எந்த வகை முதுமாணி?

பாடநெறி முதுமாணி, ஆய்வு முதுமாணி என்று இரண்டு வகை. முதலாவதில் வகுப்பு, பரீட்சை, கடைசியில் ஒரு சிறு ஆய்வு. இரண்டாவதில் ஒரு பேராசிரியரின் ஆய்வுகூடத்தில் சேர்ந்து ஒன்றரை, இரண்டு வருடம் ஒரு கேள்வியைத் துருவி ஆய்வேடு எழுத வேண்டும். பிரித்தானியாவில் பெரும்பாலும் முதலாவது வகை. ஒரே வருடத்தில் முடிந்துவிடும். கனடாவில் இரண்டாவது வகை பெருவழக்கு. அங்கே பல துறைகளில் ஒரு மேற்பார்வையாளர் “இவரை எடுத்துக்கொள்கிறேன்” என்று சொன்னால்தான் அனுமதி; சொன்னவர் தமது ஆய்வு நிதியிலிருந்து மாதக் கொடுப்பனவும் தருவது வழக்கம். ஜேர்மனியில் இரண்டு வருடம், கடைசி அரையாண்டு ஆய்வேட்டுக்கு. ஜப்பானிலும் தென்கொரியாவிலும் ஆய்வுகூடமே உங்கள் வீடு மாதிரி.

அமெரிக்காவைப் பற்றி நம் ஊரில் அதிகம் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அங்கே பல விஞ்ஞானத் துறைகள் இளமாணிப் பட்டத்தோடு நேரே கலாநிதிப் படிப்புக்கு எடுக்கின்றன. போதனை உதவியாளராகவோ ஆய்வு உதவியாளராகவோ வேலை தந்து, கல்விக் கட்டணத்தையும் விலக்கி, மாதக் கொடுப்பனவும் தருகின்றன. தனியே முதுமாணிக்குப் போனால் அந்த உதவி கிடைப்பது அரிது. ஆராய்ச்சியில் உண்மையான பற்றுள்ளவர் முதுமாணிக்குக் கடன் வாங்குவதைவிட ஐந்தாறு வருடக் கலாநிதிப் படிப்புக்கு விண்ணப்பிப்பது மேல். ஆராய்ச்சியில் பற்று இல்லை, தொழிலுக்கு ஒரு தகைமை வேண்டும் என்பவர் பாடநெறி முதுமாணிக்குப் போகலாம். எது நீங்கள் என்று இந்தக் கட்டத்தில் தீர்மானியுங்கள். மற்ற எல்லாம் இதைப் பொறுத்தது.

3. பொருளைத் தேடுங்கள், பிறகு ஆளைத் தேடுங்கள்

நமக்கு வெளியே யாருக்கும் இல்லாத ஒரு செல்வம் இருக்கிறது. நம் மண்ணின் கேள்விகள். மட்டக்களப்பு வாவியின் கண்டல் காடுகளும் இறால் பண்ணைகளும். ஒலுவில் துறைமுகம் கட்டப்பட்ட பின்னர் அதற்கு வடக்கே நிந்தவூர் பக்கமாகக் கடல் அரித்துக்கொண்டு வரும் கரை. கல்லோயாத் திட்டத்தின் நீரில் விளையும் வயல்களின் மண், அதில் தங்கும் களைநாசினி. 2004 சுனாமி படியவைத்துவிட்டுப் போன மணல் அடுக்குகள். வருடந்தோறும் மாரியில் தலைகாட்டும் டெங்கு. கரையோர அறிவியல், மண் இரசாயனம், நீர்வளம், பூச்சியியல், புள்ளிவிபரவியல் என்று எந்தத் துறையைத் தொட்டாலும் இவற்றில் ஒன்று அதற்குள் இருக்கும். “எனக்குச் சிறுவயது முதல் விஞ்ஞானம் பிடிக்கும்” என்று தொடங்கும் விண்ணப்பம் அதேபோன்ற ஆயிரத்தில் ஒன்றாகக் கரைந்துவிடும். “எங்கள் கிராமத்தின் கரை என் கண்முன்னே பின்வாங்கியது; அலையின் வண்டல் ஓட்டத்தைக் கணிக்கும் மாதிரிகளைக் கற்க விரும்புகிறேன்” என்று தொடங்குவதை வாசிப்பவர் அடுத்த வரிக்குப் போவார்.

பொருள் முடிவானதும் கூகுள் ஸ்கொலரில் அந்தத் தலைப்பில் கடைசி மூன்று நான்கு வருடங்களில் வந்த கட்டுரைகளைத் தேடுங்கள். கட்டுரையின் கடைசிப் பெயர் பெரும்பாலும் ஆய்வுகூடத் தலைவருடையது. தொடர்புக்குரிய ஆசிரியரின் மின்னஞ்சல் முதற் பக்கத்திலேயே இருக்கும். இருபது பேரின் பட்டியல் போடுங்கள். ஒவ்வொருவரின் ஒரு கட்டுரையையாவது முழுமையாக வாசியுங்கள். இது சலிப்பான வேலை. ஆனால் இந்த ஒரு வேலைக்குச் செலவிடும் இரண்டு மாதம் முகவருக்குக் கொடுக்கும் எந்தப் பணத்தையும் விடப் பெறுமதியானது.

அந்த மின்னஞ்சலைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். வாவிப் படிவில் பார உலோகங்கள் பற்றி இறுதி வருட ஆய்வு செய்த மாணவி ஒருவர் எழுதுகிறார் என்று வையுங்கள். விடயத் தலைப்பில் “2027 முதுமாணி விண்ணப்பம் – கண்டல் படிவுகளில் உலோகங்கள்” என்று இருந்தால் போதும். முதல் வாக்கியத்தில் தான் யார், எங்கே, என்ன வகுப்பு. இரண்டாவதில் தன் ஆய்வு: எத்தனை இடங்களில் மாதிரி எடுத்தார், அணு உறிஞ்சல் நிறமாலைமானியில் எந்த உலோகங்களை அளந்தார், என்ன கண்டார். மூன்றாவதில் பேராசிரியரின் குறிப்பிட்ட கட்டுரை ஒன்றில் தனக்கு எழுந்த ஒரு கேள்வி. நான்காவதில் அடுத்த வருடம் மாணவர் எடுக்கிறாரா, நிதி உண்டா என்ற நேரடி வினா. தன்விவரக் கோவையும் பெறுபேற்றுப் பட்டியலும் இணைப்பு. அவ்வளவுதான். “மாண்புமிகு”, “தங்கள் பொற்பாதங்களில்” என்ற பாணி வேண்டாம். பதவியும் குடும்பப் பெயரும் சரியாக இருந்தால் அதுவே மரியாதை. ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி இருபது பேருக்கு அனுப்பினால் வாசித்தவுடனேயே தெரிந்துவிடும்.

பதில் வராது. பெரும்பாலும் வராது. இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு முறை பணிவாக நினைவூட்டுங்கள், பிறகு அடுத்தவர். இருபதில் இரண்டு பேர் பதில் எழுதினாலே நல்ல அறுவடை.

4. பணம்: ஈடுவைக்காமல் தேட வேண்டிய இடங்கள்

முழுப் புலமைப்பரிசில்களில் விஞ்ஞான மாணவருக்கு நான் முதலில் சொல்வது எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுமாணி. குறைந்தது இரண்டு நாடுகளில் படிப்பு, புலமைப்பரிசில் பெற்றவருக்குக் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோவும் உண்டு. கடல் அறிவியல், நீர்வளம், நானோ பொருட்கள், தரவு விஞ்ஞானம் என்று ஏராளமான நெறிகள். விண்ணப்பம் அந்தந்தப் பாடநெறிக்கு நேரே போகும். பெரும்பாலானவை ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் மூடப்படும்.

ஜப்பானின் மெக்ஸ்ட் புலமைப்பரிசிலுக்கு இரண்டு வாசல்: கொழும்பிலுள்ள தூதரகம், அல்லது ஜப்பானியப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. தூதரக வழியில் எழுத்துப் பரீட்சையும் நேர்முகமும் உண்டு; வயது 35 க்குள். ஒரு பேராசிரியரின் இணக்கம் கையில் இருந்தால் இரண்டாவது வாசல் நன்றாகத் திறக்கும். கொரிய அரசின் புலமைப்பரிசில் முதுமாணிக்கு முன் ஒரு வருடம் மொழி கற்பிக்கும். ஜேர்மனியின் டாட் (DAAD) என்ற கல்விப் பரிமாற்ற அமைப்பு வளர்முக நாட்டவருக்கென நடத்தும் நெறிகளுக்குப் பட்டத்துக்குப் பின் குறைந்தது இரண்டு வருடத் தொழில் அனுபவம் வேண்டும். பட்டம் ஆறு வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. பிரித்தானியாவின் செவ்னிங் 2,800 மணித்தியால அனுபவம் கேட்கும். பகுதிநேர வேலையும் தொண்டர் வேலையும் அதில் சேரும், படிப்பு முடிந்ததும் நாடு திரும்பி இரண்டு வருடமாவது இருக்க வேண்டும். பட்டதாரி நியமனத்தில் ஆசிரியராகவோ அபிவிருத்தி உத்தியோகத்தராகவோ இருப்பவர்களுக்கு இந்த மணித்தியாலங்கள் ஏற்கனவே சேர்ந்திருக்கும். பலர் அதை எண்ணிப் பார்ப்பதில்லை. பொதுநலவாயப் புலமைப்பரிசில்களையும் பாருங்கள். அருகே இந்தியா இருக்கிறது: ஐசிசிஆர் என்ற இந்தியக் கலாசார உறவுகள் பேரவை வழியாக முதுமாணிக்கு மௌலானா ஆசாத் புலமைப்பரிசில், கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயம் விண்ணப்பம் கோரும். இந்திய ஆய்வுகூடங்களின் தரத்தை நம் ஊரில் குறைத்து மதிப்பிடுகிறார்கள், அது நியாயமல்ல.

புலமைப்பரிசில் இல்லாமலும் குறைந்த செலவில் படிக்கலாம் என்றால் ஜேர்மனிதான் முதல் தெரிவு. பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. அரையாண்டுக்கு ஒரு சிறு பங்களிப்பு மட்டும். விதிவிலக்கு உண்டு: பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவருக்கு அரையாண்டுக்கு 1,500 யூரோ, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் கட்டணம் அறவிடுகிறது. “நோர்வேயில் இலவசம்” என்று இன்னும் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2023 இலையுதிர் காலத்திலிருந்து அங்கும் நமக்குக் கட்டணம். சுவீடன், பின்லாந்து, டென்மார்க் எல்லாம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டன. ஆனால் ஜேர்மனிக்கு வாழ்க்கைச் செலவைக் காட்ட வேண்டும். 2024 செப்டெம்பர் முதல் முடக்கக் கணக்கில் வருடத்துக்கு 11,904 யூரோ. அங்கே போனபின் மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்பி வரும். அது பெரிய தொகைதான். ஆனால் செலவான பணம் அல்ல, உங்கள் சாப்பாட்டுக்கும் வாடகைக்குமான பணம். பிரித்தானியாவில் ஒரு வருடக் கட்டணமாக மட்டும் போய்விடும் தொகையோடு இதை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வீட்டில் பேசுங்கள்.

கடன் வாங்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், காணி உறுதிக் காணியா பெர்மிட் காணியா என்பதை முதலில் பாருங்கள். அம்பாறையில் பல குடும்பங்களின் வயல் அரச அனுமதிப்பத்திரத்தில் இருக்கிறது. அதை வங்கி ஈடாக ஏற்குமா என்பதைத் தெரிந்துகொள்ளாமல் விண்ணப்பக் கட்டணங்களில் இறங்கினால், பாதி வழியில் நிற்க வேண்டிவரும்.

பகுதிநேர வேலை செய்து கட்டணம் கட்டலாம் என்ற நம்பிக்கையில் யாரும் விமானம் ஏற வேண்டாம். பிரித்தானியாவில் கல்விக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம்தான். முதுமாணி மாணவருக்குக் கோடைகால ஆய்வேட்டுக் காலமும் கல்விக் காலமே. இளமாணி மாணவரைப் போல முழுநேரம் வேலை செய்ய முடியாது. ஜேர்மனியில் வருடத்துக்கு 140 முழு நாட்கள். உணவுக்கும் பஸ்ஸுக்கும் அது உதவும். கட்டணத்துக்கு உதவாது.

5. ஆங்கிலம்

உயர்தரம் வரை தமிழில் படித்து, பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்துக்கு மாறிய நமக்கு ஐஈஎல்டிஎஸ் பரீட்சையில் பெரும்பாலும் வாசிப்பும் கேட்டலும் ஏறும், எழுத்து 5.5 இலோ 6.0 இலோ நிற்கும். பல பாடநெறிகள் மொத்தம் 6.5, எதிலும் 6.0 க்குக் குறையாமல் என்று கேட்கின்றன. ஆகவே தயாரிப்பின் பாதி நேரத்தை எழுத்துக்கே கொடுங்கள். இரண்டாவது கட்டுரைக்கு 250 சொற்கள், 40 நிமிடம். நாளுக்கு ஒன்று எழுதி, திருத்தக்கூடிய ஒருவரிடம் காட்டுங்கள். திருத்தம் பெறாமல் நூறு கட்டுரை எழுதினாலும் அதே பிழை நூறு முறை வரும். பரீட்சை முடிவு இரண்டு வருடம்தான் செல்லும். அதனால் மிக முன்கூட்டியே எழுதவும் வேண்டாம். கற்பித்தல் மொழி ஆங்கிலம் என்று பதிவாளர் தரும் கடிதத்தை ஏற்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு; கடிதத்துக்கு இப்போதே விண்ணப்பித்து வையுங்கள்.

6. பரிந்துரைக் கடிதங்கள்

இருவர் அல்லது மூவர். பெரிய பதவியில் இருப்பவரைவிட உங்கள் இறுதி வருட ஆய்வை நேரில் கண்டவர் மேல். கேட்கும்போது வெறுங்கையுடன் போகாதீர்கள்: உங்கள் தன்விவரக் கோவை, நோக்க அறிக்கை (ஏன் இந்தப் படிப்பு என்று நீங்கள் எழுதும் கட்டுரை), பாடநெறிகளின் பட்டியல், ஒவ்வொன்றின் கடைசித் திகதி ஆகியவற்றை ஒரே தாளில் கொடுத்து மூன்று வார அவகாசமும் கொடுங்கள். பல பல்கலைக்கழகங்கள் பரிந்துரைப்பவரின் நிறுவன மின்னஞ்சல் முகவரியை மட்டுமே ஏற்கும். நம் விரிவுரையாளர்கள் பலர் சொந்த ஜிமெயிலையே பாவிப்பதால், “சேர், பல்கலைக்கழக முகவரியைத் தர முடியுமா?” என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். கடிதத்தை நீங்களே எழுதிக் கையொப்பம் வாங்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். மூன்று கடிதமும் ஒரே நடையில் இருந்தால் வாசிப்பவர் கண்டுகொள்வார்.

7. ஆவணங்களும் பெயரும்

நம்மவருக்கு வரும் மிகப் பெரிய சிக்கல் பெயர். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் ஓர் எழுத்து, உயர்தரப் பெறுபேற்றில் தலைப்பெழுத்து மட்டும், கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் குடும்பப் பெயராக. முஸ்லிம் பெயர்களில் முகம்மது என்பது மூன்று ஆவணத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். வெளிநாட்டு அலுவலர் இவை ஒரே ஆளுடையவை என்று தானாக நினைக்கமாட்டார். முதலில் கடவுச்சீட்டை எடுங்கள். அதிலுள்ள பெயரையே இனி எல்லா விண்ணப்பத்திலும், ஐஈஎல்டிஎஸ் பதிவிலும், எழுத்துக்கு எழுத்து அப்படியே பாவியுங்கள். பட்டச் சான்றிதழ் இன்னும் அச்சாகவில்லை என்றால் பெயரைத் திருத்தும்படி பரீட்சைக் கிளைக்கு இப்போதே எழுதுங்கள். பட்டமளிப்புக்குப் பின் திருத்துவது பெரும் அலைச்சல். மாற்ற முடியாத வேறுபாடுகளுக்கு, அனைத்துப் பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்ச் சான்றிதழ்களைப் பதிவுபெற்ற சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலமாக்குங்கள். தேவைப்பட்டால் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் சான்றுப்படுத்த வேண்டும். அதற்கு முன் பட்டச் சான்றிதழை உங்கள் பல்கலைக்கழகம் உறுதிப்படுத்தியிருக்க வேண்டும். எந்தப் பல்கலைக்கழகம் இதைக் கேட்கிறது, எது கேட்கவில்லை என்று பார்த்துவிட்டுக் கொழும்புக்கு இரவு பஸ் ஏறுங்கள். பட்டமளிப்பு தாமதமானால், பட்டம் வலுவுக்கு வரும் திகதியைக் குறிப்பிட்டுப் பதிவாளர் தரும் கடிதம் பல இடங்களில் போதும்.

8. விண்ணப்பிக்கும் காலம், மாரி காலம்

இது நம் மாவட்டங்களுக்கே உரிய அறிவுரை. எராஸ்மஸ், அமெரிக்க, கனேடிய விண்ணப்பங்களின் கடைசித் திகதிகள் டிசம்பரிலும் ஜனவரியிலும் குவிகின்றன. வடகீழ்ப் பருவமழை கொட்டுவதும் அப்போதுதான். மன்னம்பிட்டிப் பக்கம் வீதி வெள்ளத்தில் போனால் கொழும்புப் பயணம் இல்லை. மின்சாரம் போனால் இணையம் இல்லை. எல்லா விண்ணப்பத்தையும் நவம்பர் 15 க்கு முன் அனுப்பிவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐஈஎல்டிஎஸ் பரீட்சையையும் செப்டெம்பருக்குள் முடியுங்கள். ஜேர்மனியின் ஒக்டோபர் தொடக்கத்துக்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும் மார்ச் முதல் ஜூலை வரை. அதில் பலவற்றை யூனி அசிஸ்ட் என்ற பொது நிறுவனம் பரிசீலிக்கும். முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவுக்கு அனுமதி இருக்கிறதா என்பதைக் கடைசி நாளில் கண்டுபிடிக்க வேண்டாம்.

அமெரிக்க நிதியுதவியோடு இடம் கிடைத்தால் பதில் சொல்லப் பெரும்பாலும் ஏப்ரல் 15 வரை அவகாசம் உண்டு. அதற்கு முன் அவசரப்படுத்தினால் இந்தத் திகதியை நினைவூட்டலாம்.

9. விசா

விசா அலுவலர் இரண்டையே பார்க்கிறார்: உண்மையான மாணவரா, பணம் உண்மையானதா. கனடாவுக்கு 2025 செப்டெம்பர் முதல் கட்டணத்தையும் பயணச் செலவையும் தவிர 22,895 கனேடிய டொலர் காட்ட வேண்டும். அவுஸ்திரேலியாவுக்கு வாழ்க்கைச் செலவாக மட்டும் வருடத்துக்கு 29,710 அவுஸ்திரேலிய டொலர். பிரித்தானியாவுக்குப் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருந்திருக்க வேண்டும், காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும், வருடத்துக்கு 776 பவுண் சுகாதாரக் கட்டணம் கட்ட வேண்டும். 2024 ஜனவரி முதல் பாடநெறி முதுமாணிக்குப் போகிறவர் துணைவரையும் பிள்ளைகளையும் அழைத்துச் செல்ல முடியாது. திருமணமானவர்கள் இதை வீட்டில் முன்கூட்டியே பேசுங்கள். இந்தத் தொகைகள் மாறிக்கொண்டே இருப்பவை. விண்ணப்பிக்கும் நாளில் அரசின் பக்கத்தில் மறுபடி பாருங்கள்.

தந்தை விவசாயி அல்லது கடற்றொழிலாளி என்றால் மாதச் சம்பளத் தாள் இருக்காது. பெரும்போக அறுவடைக்குப் பின் ஒரே தடவையில் கணக்கில் விழும் தொகை, அலுவலரின் கண்ணுக்குக் கடன் வாங்கிப் போட்ட பணம் போலத் தோன்றும். அதனால் நெல் விற்ற பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள். காணியின் அளவையும் செய்கையையும் உறுதிப்படுத்திக் கமநல சேவை நிலையத்திலிருந்து ஒரு கடிதம் வாங்குங்கள். “வருடத்தில் இரண்டு போகம், இந்த மாதங்களில் வருமானம் வருகிறது” என்று ஒரு பக்கத்தில் விளக்குங்கள். போலி வங்கிக் கூற்று தயாரித்துத் தருவதாக யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பிடிபட்டால் பிரித்தானியா பத்து வருடமும் கனடா ஐந்து வருடமும் தடை போடலாம். அந்தத் தடை உங்கள் பெயரில்தான் விழும், முகவரின் பெயரில் அல்ல.

மகளைத் தனியே அனுப்புவதா என்ற தயக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அந்தத் தயக்கத்தை மதித்துப் பதில் சொல்லுங்கள், மகளே. விடுதி ஒப்பந்தத்தையும் பேராசிரியரின் மின்னஞ்சலையும் அப்பாவுக்குக் காட்டுங்கள். அதே பல்கலைக்கழகத்தில் படிக்கும் இலங்கை மாணவி ஒருவரோடு அம்மாவை வட்ஸ்அப்பில் பேச வையுங்கள். நான் பார்த்தவரையில், முகம் தெரிந்த ஓர் ஆள் அங்கே இருக்கிறார் என்றதும் பல பெற்றோர் இணங்குகிறார்கள்.

10. போய் இறங்கியதும்

மூல ஆவணங்கள் அனைத்தும் கைப்பையில், நகல்கள் பெரிய பெட்டியில், வருடிய படிகள் மின்னஞ்சலில். விடுதிக்கு அனுமதிக் கடிதம் வந்த அன்றே விண்ணப்பித்திருக்க வேண்டும். ஜேர்மன் நகரங்களில் அறை கிடைப்பது அனுமதி கிடைப்பதை விடக் கடினம். அங்கே வீட்டுக்குக் குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அந்தத் தாள் இருந்தால்தான் வங்கிக் கணக்கு, முடக்கக் கணக்குப் பணம், வதிவிட அனுமதி எல்லாம் நகரும். ஆய்வுகூடத்தில் முதல் வாரம் பாதுகாப்புப் பயிற்சி இருக்கும். அதை முடிக்காமல் ஒரு குடுவையைத் தொடவும் விடமாட்டார்கள். இயந்திரம் ஒன்றைப் பாவிக்கத் தெரியாவிட்டால் முதல் மாதத்திலேயே சொல்லிவிடுங்கள். நம் ஆய்வுகூடங்களில் ஒரே கருவியைச் சுற்றி இருபது பேர் நின்று பார்த்துப் படித்தவர்கள் நாம். கையால் இயக்கிப் பழக்கம் இல்லாதது குறையல்ல, அவர்கள் கற்றுத்தருவார்கள். முதல் மாதம் முடிவதற்குள் மேற்பார்வையாளரோடு வாரத்தில் எந்த நாள், எத்தனை மணிக்குச் சந்திப்பு என்பதை நிலையாகத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் பேசியதை நான்கு வரியில் அவருக்கு மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள்.